மணல் வாளியில் வைத்த கேமரா

போன வாரம் எங்கள் அச்சகத்தில் இரண்டு சுவர்க்கடிகாரங்கள் ஒரே நேரத்தில் நின்றுபோயின. பேய் வேலை ஒன்றும் இல்லை. நான்தான் ஸ்டூல் போட்டு ஏறி அவற்றின் முதுகிலிருந்த செல்களை உருவினேன். டிசைனிங் அறைக் கடிகாரத்தில் ஒன்று, பைண்டிங் பக்கத்துக் கடிகாரத்தில் ஒன்று. அன்றைக்குச் சாயங்காலம் நேரம் போனது தெரியாமல் பைண்டிங்கில் கூடுதலாக வேலை நடந்ததாம். அதற்காக எனக்கு நன்றி சொல்வதா, திட்டுவதா என்று மேனேஜர் இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி.

எல்லாவற்றுக்கும் காரணம் ரிஸ்வானா. திருத்தங்கலில் எங்கள் அச்சகத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து லேபிள் வரைகிற பெண். விருதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். அடுத்த மாதம் அவளுடைய மாமா மகளுக்கு நிக்காஹ். அதற்குப் படம் எடுக்க அவளுக்குச் சின்ன டிஜிட்டல் கேமரா வேண்டுமாம், அதுவும் பழைய மாதிரி. அவள் கையிலிருக்கிற போனுக்கு முதுகில் மூன்று கண். அது போதாதா என்று கேட்டேன்.

"போன்ல எடுத்தா எல்லாம் ஒரே மாதிரி வழுவழுன்னு இருக்குக்கா. இப்ப எல்லாரும் அந்தக் குட்டிக் கேமராவத்தான் தேடிட்டு இருக்காக. கம்மி விலையில எது வாங்கலாம்னு சொல்லுங்க. உங்ககிட்டயே ஒண்ணு இருக்காம்ல? அத்தா சொன்னாக. அவுகதான் உங்களுக்கு வித்தாகளாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு காலத்தில் மூக்கும் முழியும் தெரிகிற மாதிரி ஒரு படம் விழாதா என்று நாங்கள் ஏங்கினோம். இன்றைய பிள்ளைகள் தெளிவாக விழுவதைக் குறையாகச் சொல்கிறார்கள். சரி, கேட்டுவிட்டாளே என்று மேஜையின் அடி டிராயரைத் துழாவினேன். பழைய லேபிள் புரூஃப்களுக்கு அடியில் கிடந்தது. வெள்ளி நிறம், ஓரங்களில் வண்ணம் போய், சோப்பு டப்பா கனத்தில். அதற்குச் செல் வேண்டுமே என்றுதான் கடிகாரத்தில் கை வைத்தேன்.

பொத்தானை அழுத்தினதும் லென்ஸ் வெளியே வந்தது. வரும்போது கரகரவென்று ஒரு சத்தம்.

"ஐயோ, ரிப்பேராக்கா?"

"ரிப்பேர் இல்ல. மணலு."

"மணலா?"

"தாயில்பட்டி மணலு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கேமராவைக் கையில் வாங்கிக்கொண்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண் பளிச்சிட்டது. "இதையே எனக்குக் குடுத்துருங்களேன்க்கா" என்றாள். எடுத்துக்கோ என்கிற வார்த்தை எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கேட்டால் கொடுத்துவிடுகிற வியாதி எனக்கு உண்டு. என் குடை, சாப்பாட்டுத் தூக்கு, தைத்த அன்றே இரவல் போன ஒரு ஜாக்கெட் எல்லாம் இன்னும் எங்கெங்கோ ஊர் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதற்குள் அவள், எடுத்த படத்தைப் பார்க்கிற பொத்தானை அழுத்திவிட்டாள். கேமராவுக்குள் ஒரே ஒரு படம்தான் இருந்தது. சின்னத் திரை பச்சையாக ஒளிர்ந்தது. நான் கேமராவை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். அவள் முகம் சுண்டிப்போனது. என் முகம் எப்படி இருந்ததோ, எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பச்சையைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் ஒரு ஏரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாணப் பெட்டிகளின் லேபிளுக்கு என்று தனியாகப் படம் யாரும் எடுப்பதில்லை. இன்டர்நெட்டில் எதையாவது இறக்கி ஒட்டுவோம். எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு படம் இருந்தது. ஏதோ வெளிநாட்டு ஊர். பெரிய ஏரி, அதன் மேல் ஒரு பாலம், வானத்தில் விரிகிற வாணம், தண்ணீரில் அதன் நிழல். அந்த ஏரியை நான் எத்தனை கம்பெனிக்கு, எத்தனை பெயரில் அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. வைப்பாற்றில் தண்ணீர் பார்ப்பதே அதிசயமான ஊரில் உட்கார்ந்துகொண்டு, வாணம் என்றால் தண்ணீருக்கு மேல்தான் விரியும் என்று தேசத்தையே நம்ப வைத்திருந்தோம். மை வாசனையும் மிஷின் துடைக்கிற மண்ணெண்ணெய் வாசனையும் கலந்து வருகிற அந்த அறையை நினைத்தால் இன்றும் எனக்கு அந்தப் பாலம்தான் கண்ணில் வருகிறது.

அப்படி ஒரு நாள் தாயில்பட்டிப் பக்கத்துச் சின்னப் பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவர் புது ஐட்டத்துக்கு லேபிள் கேட்டு வந்தார். வெள்ளை வேட்டி, வாய் நிறைய வெற்றிலை. ஐட்டத்தின் பெயர் 'பேரட் குயின்'. வடக்கே ஒரு வியாபாரிக்கு மொத்தமாக ஆர்டர், பெயரும் அந்த வியாபாரி வைத்ததுதான்.

"கிளிக்கு ஒரு கிரீடம் வச்சுரு தாயி. பின்னால வெடிக்கிற மாதிரி எதையாச்சும் போடு" என்றார்.

கிளிக்குக் கிரீடம் வைத்தேன். பின்னால் ஏரியிலிருந்த வாணத்தை வெட்டி ஒட்டினேன். அது நல்ல ரோஸ் நிறம். முதலாளிக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். அந்த ரோஸ் நிறம் என் வீட்டுக்குள்ளேயே சண்டை மூட்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

என் அக்கா மாரி அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டாசு மருந்து வேலைக்குப் போனவள். நான் படித்தது அவள் குழாய் அடைத்த கூலியில். இதைச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "போடி, பெருசா சொல்ல வந்துட்டா" என்பாள். அவள் இல்லாத இடம் என்பதால் உங்களிடம் தைரியமாகச் சொல்கிறேன்.

பேரட் குயின் என்பது ஒரு அட்டைப் பெட்டி. அதற்குள் வரிசை வரிசையாகக் குழாய்கள். ஒவ்வொரு குழாயிலும் மணிமருந்தை அடைக்க வேண்டும். மணிமருந்து என்றால் வானத்தில் போய் நிறமாக விரிகிற சின்ன உருண்டைகள். ஆனால் கையில் எடுத்துப் பார்த்தால் பச்சைக்கும் சிவப்புக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. எல்லாம் ஒரே கரிச்சாம்பல் நிறம். வேலை முடிந்து சோப்பைத் தேய் தேய் என்று தேய்த்தாலும் அக்காவின் உள்ளங்கை ரேகைகளில் அலுமினியப் பொடி மினுங்கிக்கொண்டே இருக்கும். அந்தக் கையால்தான் எனக்குச் சோறு போடுவாள்.

அவள் அடைத்தது மேலே போய் என்ன நிறத்தில் விரிகிறது என்று அவளுக்குத் தெரியாது. அங்கே யாருக்குமே தெரியாது. மருந்து அறைகளில் கரண்டு கிடையாது, விளக்கு கிடையாது. வெளிச்சம் இருக்கும்போதே வேலையை முடித்து வேனில் ஏறிவிடுவார்கள். வாணத்தைக் கொளுத்திப் பார்ப்பதோ இருட்டத் தொடங்கிய பிறகு. அந்த நேரத்தில் அவர்கள் வீட்டில் அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருப்பார்கள். தீபாவளிக்குப் பார்க்கலாம் என்றால், இந்த ஐட்டம் ஒரு பெட்டிகூட இங்கே தங்காது. லோடு முழுக்க வடக்கே போய்விடும்.

லேபிளின் புரூஃப் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததும் வேனில் தர்க்கம் தொடங்கிவிட்டது. செல்வி என்று அக்காவின் கூட்டாளி ஒருத்தி, நல்ல வாயாடி. லேபிளில் ரோஸ் இருக்கிறது, அதனால் ரோஸ்தான் விரியும் என்றாள். அக்கா விடவில்லை. பேரே கிளி, கிளி என்ன ரோஸாவா இருக்கும், பச்சைதான் என்றாள். போர்மேனிடம் கேட்டால், "வேலையப் பாருங்கத்தா" என்று போய்விட்டாராம். கடைசியில் பந்தயம் கட்டிவிட்டார்கள். தோற்றவள் வேனில் ஜன்னலோர சீட்டை சீசன் முழுவதும் விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த வேனில் ஒரு முறை போனவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய பந்தயம் என்று புரியும். வெயில் காலத்தில் நடு சீட்டில் உட்கார்ந்து வந்தால் இறங்கும்போது ஆளே வெந்திருப்போம்.

"லேபிளு போட்டவ நீதான. என்ன கலருடி அது?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

"எனக்கு எப்படிக்கா தெரியும்? நெட்ல எடுத்து ஒட்டுனது."

"நல்லா ஒட்டுன போ" என்றாள். பிறகு அரிசி களைந்துகொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "வருசம் பூரா அடைக்கோம். என்னதான் விரியுதுன்னு ஒரு தடவையாச்சும் பாக்கணும்ல."

அவள் அதிகம் கேட்கிறவள் இல்லை. அந்த ஒரு வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நான் பார்த்து வந்து சொல்கிறேன் என்றேன். "நீ சொன்னா செல்வி நம்புவாளா? என் தங்கச்சிதான நீயி" என்றாள். அதுவும் நியாயம்தான். அப்படியானால் படம் எடுத்தே காட்டுகிறேன் என்று முடிவு பண்ணினேன். முடிவு பண்ணும்போது என்னிடம் இருந்தது டார்ச் லைட் வசதி உள்ள ஒரு பட்டன் போன் மட்டும்.

மறுநாளே முதலாளியைப் பிடித்தேன். உங்கள் ஐட்டத்தை உள்ளபடியே படம் எடுத்து லேபிளில் போட்டால் வியாபாரிக்கு நம்பிக்கை வரும், இன்னும் அச்சு ஓடவில்லை, மாற்றிக்கொள்ளலாம் என்று அளந்துவிட்டேன். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, "நல்ல யோசனையாத்தான் இருக்கு. வர்ற சனிக்கிழமை பொழுது சாயவும் கொளுத்திப் பாக்கப் போறோம். வந்து எடுத்துக்க. அன்னிக்கு விட்டா அப்புறம் லோடு ஏறிரும்" என்றார். ஆக, ஒரே ஒரு சாயங்காலம்தான்.

கேமராவுக்கு என்ன செய்வது? மேனேஜர், "மதுரைக்குப் போம்மா, இங்கன என்ன கிடைக்கும்" என்றார். எங்களுக்குக் காலண்டர் படம் எடுத்துத் தருகிற ஸ்டுடியோக்காரர் கேட்டவுடன் சிரித்துவிட்டார். சின்னக் கேமராவில் வாணத்தை எடுக்கவே முடியாது, அது பிறந்தநாள் கேக்கு வெட்டுவதை எடுக்கிற பொம்மை என்றார். அவர் சிரித்ததில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தீபாவளி போனஸில் மிச்சம் பிடித்து ஒரு ஜோடி கம்மலுக்கென்று வைத்திருந்ததை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். காதுக்கு இன்னொரு வருஷம் பிளாஸ்டிக் போதும்.

விருதுநகரில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் ரிஸ்வானாவின் அப்பா கடை வைத்திருந்தார். வாட்ச், ரேடியோ, கால்குலேட்டர், கேமரா எல்லாம் ஒரே கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கடைக்கு எதிரே பரோட்டா எண்ணெயில் பொரிகிற வாசனை ஆளைத் தூக்கியது. முதலில் கேமரா, மிச்சம் இருந்தால் பரோட்டா என்று வாயைக் கட்டிக்கொண்டு படியேறினேன்.

"வாங்கம்மா. எம்புட்டு மெகா பிக்சல்ல பாக்குறீக?"

அந்தக் காலத்தில் கேமரா என்றால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி அதுதான். மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல மெகா பிக்சலைக் கேட்பார்கள். நான், "அதெல்லாம் எம்புட்டு இருந்தாலும் சரிதான் பாய். வாணம் விரியிறது விழணும்" என்றேன். அவர் புருவத்தைத் தூக்கினார். பிறகு வெல்வெட் துணி விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எல்லாம் விரல் கனம்தான் இருந்தன. ஒன்று சிவப்பு, ஒன்று ஊதா. ஊதாவைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் சபலம் தட்டியது உண்மை. கையில் எடுத்துக் கண்ணாடியில் அழகு பார்த்தேன்.

"சார்ஜர்ல போடணுமா பாய் இது?"

"ஆமாம்மா. ரெண்டு மணி நேரம் போட்டாப் போதும்."

ரெண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் எங்கள் ஊரில் கரண்டு இருந்தால்தானே! அப்போது கரண்டு வருவதும் போவதும் அதன் இஷ்டம். ஊதாவைக் கீழே வைத்தேன். பெட்டிக்கடையில் வாங்குகிற செல் போட்டு ஓடுகிற மாதிரி ஏதாவது உண்டா என்று கேட்டேன். அவர் அலமாரியின் பின்வரிசையிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்துத் தூசியை ஊதினார். வெள்ளி நிறம், தடி உடம்பு. "இத யாரும் தொடுறதில்லம்மா. பழைய மாடல், குண்டா இருக்குன்னு வேணாங்குறாக. அதனாலதான் விலையும் கம்மி" என்றார்.

அதன் திரையில் பொத்தானை மாற்ற மாற்றச் சின்னச் சின்னப் படங்கள் வந்தன. ஓடுகிற ஆள், மலை, நிலா. கடைசியில் ஒன்று, கோடு கோடாக விரிந்து நின்றது.

"இது என்ன பாய்?"

"அதுவா? அது பூவு எடுக்கிறதுக்குன்னு நினைக்கேன்மா. யாரும் கேட்டதில்ல."

நான் அதை உற்றுப் பார்த்தேன். பகலெல்லாம் வாணம் வரைகிற எனக்கு அது தெரியாதா? "பூவு இல்ல பாய், வாணம்" என்றேன். எங்கோ கடல் கடந்து இருக்கிறவன், கேமராவுக்குள் வாணத்துக்கென்று தனியாக ஒரு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறான். வாணம் செய்கிற ஊரில் அதைப் பின்வரிசையில் தள்ளியிருக்கிறோம். எனக்கு அந்த முகம் தெரியாத ஆளின் மேல் பெரிய மரியாதை வந்தது.

ஆனாலும் பார்க்காமல் வாங்க முடியுமா? கைப்பையைத் திறந்து கம்பி மத்தாப்புப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தேன். பாய் பதறி எழுந்துவிட்டார்.

"ஹேண்ட்பேக்ல மத்தாப்போட கடைக்குள்ள வர்ற பொம்பளப் பிள்ளைய இங்கனதான் பாக்க முடியும்! வெளிய வாங்கம்மா, வெளிய வாங்க!"

கடைக்குப் பின்னால் இருட்டுச் சந்து. பாயே மத்தாப்பைக் கொளுத்தி, தாடியைக் காப்பாற்றிக்கொண்டு, கையை நீட்டி வட்டமாகச் சுழற்றினார். சிவப்புக் கேமராவில் வெள்ளையாக ஒரு திட்டு விழுந்தது. ஊதாவில் அதைவிடப் பெரிய திட்டு. குண்டுக் கேமராவில் அந்தக் கோட்டுப் படத்தை வைத்து அழுத்தினேன். மெதுவாகத்தான் எடுத்தது. கெடுத்துவிட்டதோ என்று நினைத்தேன். திரையில் பார்த்தால் தங்கக் கம்பியில் வளையல் செய்த மாதிரி ஒரு முழு வட்டம், அதற்குப் பின்னால் மங்கலாகப் பாயின் தாடி. "அட!" என்றார் பாய். அந்த இடத்திலேயே வாங்கிவிட்டேன். வழக்கப்படி, தீபாவளிக்கு ஒரு கிஃப்ட் பாக்ஸ் கொண்டுவந்து தருகிறேன், விலையைக் கொஞ்சம் பாருங்கள் என்றேன். எங்கள் ஊரில் டாக்டருக்கு, வக்கீலுக்கு, எல்லோருக்கும் நன்றி சொல்வது பட்டாசுப் பெட்டியில்தான். பாய் விலையைக் குறைத்தார். "பட்டாசு வேணாம்மா, வீட்டுல நிறையக் கிடக்கு. எடுத்த படத்தக் கொண்டாந்து காட்டு, அது போதும்" என்றார். பரோட்டாவுக்கு மிச்சம் இருந்ததா என்று கேட்காதீர்கள்.

சனிக்கிழமை வந்தது. வேன் போன பிறகு கம்பெனிக்குப் பின்னாலிருந்த பொட்டலில் நாங்கள் மூன்று பேர் நின்றோம். முதலாளி, போர்மேன், நான். போர்மேன் சில பெட்டிகளைத் தள்ளித் தள்ளி வைத்திருந்தார். பக்கத்தில் சிவப்பு வாளிகளில் மணலும் தண்ணீரும். மேற்கே வெளிச்சம் அடங்கிக்கொண்டிருந்தது. நான் கேமராவைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காலை ஊன்றி நின்றேன். போர்மேன் நீளக் குச்சியில் கட்டிய ஊதுபத்தியால் திரியைத் தொட்டார்.

நான் திரும்பி ஓடினேன்.

வேண்டுமென்று ஓடவில்லை. உடம்பு ஓடியது. திரி சீறியதும் முதுகைக் காட்டி ஓடிக் குனிந்து காதைப் பொத்த வேண்டும் என்பதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நடை பழகும்போதே பழகிவிடுகிறார்கள். பகலில் தூரத்தில் எங்கேயாவது ஒரு பெரிய சத்தம் கேட்டால் தெருவே வாசலுக்கு வந்து, எந்தக் கம்பெனி, எந்தக் கம்பெனி என்று கேட்கும். பதில் வரும் வரை யாரும் அடுப்பைக் கவனிக்க மாட்டார்கள். நானும் அப்படி வாசலில் நின்றிருக்கிறேன், அக்காவின் வேன் முனை திரும்பி வருகிற வரை. அந்த உடம்பை நின்று வேடிக்கை பார் என்றால் எப்படிப் பார்க்கும்? நான் தலை தூக்குவதற்குள் பேரட் குயின் விரிந்து முடிந்துவிட்டது. கேமராவில் என் செருப்பு விழுந்திருந்தது.

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "இதையா தாயி லேபிள்ல போடப் போற?"

அடுத்த பெட்டிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஓடவில்லை. ஆனால் முதல் சத்தத்துக்கே கை உதறிவிட்டது. படத்தில் நிறமே தெரியாமல் வானம் முழுக்க வெள்ளை இடியாப்பம். மூன்றாவதிலும் அதே கதைதான். கடைசியாக ஒரே பெட்டி மிச்சம். போர்மேன் வாட்ச்சைப் பார்த்தார். இதை விட்டால் அக்காவுக்குக் காட்ட ஒன்றும் கிடையாது. வெறும் வாயோடு வீட்டுக்குப் போய், பச்சைதான்க்கா, நம்பு என்று சொல்ல நான் தயாராக இல்லை.

அப்போதுதான் மணல் வாளி கண்ணில் பட்டது. நடுங்குவது நான்தானே, கேமராவா நடுங்குகிறது? அதற்கு எந்தக் கம்பெனியிலும் அக்கா கிடையாது. வாளியை இழுத்து வைத்து, மணலைக் குவித்து, கேமராவை அதில் பாதி புதைத்தேன். முகத்தை வானத்தைப் பார்க்கச் சாய்த்துவிட்டு, தானாக எடுக்கிற டைமரை வைத்தேன்.

"அண்ணே, நான் சொல்லவும் கொளுத்துங்க" என்றேன். திரி எரிகிற நேரம் எனக்கு மனப்பாடம். மனசுக்குள் எண்ணி, பொத்தானை அழுத்திவிட்டு, எந்த வெட்கமும் இல்லாமல் முதுகைக் காட்டி ஓடினேன்.

திரும்பி வந்து மணலைத் தட்டிப் பார்த்தால், திரை முழுக்கப் பச்சை. பூத்துப் பூத்து ஒன்றின் மேல் ஒன்றாக விரிந்த பச்சை. கீழே புகை, ஓரத்தில் ஒரு கருவேலஞ்செடியின் நுனி. நான் அந்தப் பொட்டலில் நின்று, "அக்கா, பச்சைடி!" என்று கத்தினேனாம். அக்காவை 'டி' போட்டுக் கூப்பிட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

முதலாளி படத்தை வாங்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது. "புகை இம்புட்டுத் தெரியுதே தாயி. பொட்டக்காடு வேற. அந்த ஏரியே இருக்கட்டும்" என்றார். வாதாடிப் பார்த்தேன், மனுஷர் அசையவில்லை. பேரட் குயின் ரோஸ் நிறத்து வாணத்தோடும் ஏரித் தண்ணீரோடும் வடக்கே லாரி ஏறியது. எனக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. நான் எடுத்தது லேபிளுக்காக இல்லையே.

வீட்டுக்குப் போனபோது அக்கா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வந்தாள். கேமராவைத் தொடப் பயந்து, என் கையில் இருக்கும்போதே குனிந்து பார்த்தாள். பச்சை வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. ஜன்னலோர சீட்டு கிடைத்துவிட்டது, குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏட்டி, இதுல என் குழாய் எது?" என்றாள்.

ஒரு பெட்டியில் ஒவ்வொரு வரிசையும் ஒவ்வொருத்தி அடைப்பது. அக்காவுடையது நடு வரிசை. படத்திலோ எல்லாம் சேர்ந்து ஒன்றாக விரிந்து கிடந்தன. "எல்லாம் சேந்ததுதான்க்கா" என்றேன். "ம்" என்றாள். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவள் திரும்பவும் பாத்திரத்துக்குப் போய்விட்டாள். மறுவாரம் வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனாள். பாயிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தன் தாடி விழுந்த படத்தைத்தான் அவர் அதிக நேரம் பார்த்தார்.

அதற்கப்புறம் எத்தனையோ போய்விட்டன. பச்சை நிறம் தருகிற அந்த உப்புக்குத் தடை வந்தது, பேரட் குயின் நின்றது. கம்பெனி முதலாளி உரிமத்தை ஒப்படைத்துவிட்டு மகனோடு போய்விட்டார். கம்பெனி வாசலில் பூட்டு, உள்ளே ஆள் உயரத்துக்குக் கருவேலம். வேனை விற்றுவிட்டார்கள். செல்வி திருப்பூர் போனவள், பேச்சே இல்லை. பாயின் கடையில் இப்போது வேறு யாரோ செல்போன் கவர் விற்கிறார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் நான் போட்டு வைத்திருந்த படம் ஹார்ட் டிஸ்கோடு போயிற்று. அந்த ஏரிப் படம் மட்டும் எப்படியோ தப்பித்து, போன சீசனில்கூட ஒரு லேபிளில் வந்தது.

ரிஸ்வானா கேட்ட அன்று கேமராவைக் கடிகாரச் செல்லோடு வீட்டுக்குக் கொண்டுபோனேன். அக்கா வந்திருந்தாள். பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள், இப்போது பேப்பர் தட்டு செய்கிற இடத்தில் வேலை. உள்ளங்கை ரேகையில் இப்போது ஒரு மினுக்கமும் கிடையாது. ரிஸ்வானா கேட்டதையும் செல் வந்த கதையையும் சொல்லிப் படத்தைக் காட்டினேன். இந்தத் தடவை பயமில்லாமல் கையில் வாங்கி, போன் என்று நினைத்து இரண்டு விரலால் திரையை விரித்துப் பார்த்தாள். அது அசையவில்லை. "கட்டை வண்டி" என்று திட்டிவிட்டுக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"இந்தா, இதுதான் என்னுது" என்றாள். எல்லாவற்றுக்கும் மேலே விரிந்திருந்த ஒன்றின் மீது விரல் இருந்தது.

"எப்படிக்கா தெரியும்?"

"நல்லா விரிஞ்சிருக்குல்ல. மத்தது செல்வி அடைச்சதா இருக்கும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "இப்ப இந்தப் பச்சை வருதாடி?" என்றாள்.

"இல்லக்கா. நிறுத்தியாச்சு."

அவள் பொத்தானை அழுத்தினாள். லென்ஸ் கரகரவென்று உள்ளே போனது. "என்ன சத்தம் இது?"

"மணலு. உங்க கம்பெனி வாளியில வச்சேன்ல, அது."

கேமராவைக் காதோடு வைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள். வெளியே வந்தது. மறுபடி அழுத்தினாள். உள்ளே போனது. முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, யாரோ பேசுவதைக் கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பிள்ளைக்கு வேற வாங்கிக் குடு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ரிஸ்வானாவை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். செல் போடுகிற மாதிரியாக, அந்தக் கோட்டுப் படம் உள்ளதாக, அவள் கைக்கு எட்டுகிற விலையில் ஒன்று கிடைக்காமல் திரும்புவதில்லை என்று இருக்கிறேன்.

அக்கா விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தாள். "செல்லு தீந்துரும்க்கா" என்றேன்.

"தீரட்டும்" என்றவள், எங்கள் வீட்டுச் சுவரைக் கையால் காட்டினாள். "இங்கனயும் ஒரு கடியாரம் ஓடுதுல்ல."